ஷோ நாய்க்கு ரயில் பயணம்: கூபேக்கு முழு மதிப்பெண், நாய்ப்பெட்டிக்குப் பூஜ்யம்

ஊர் விட்டு ஊர் போய் சாம்பியன்ஷிப் நாய்க் கண்காட்சியில் (ஷோ) நாயை நிறுத்துகிறவர்களுக்கு இந்தியாவில் வழி மூன்றுதான்: கார், விமானம், ரயில். சென்னையிலிருந்து பெங்களூருவுக்கு என்றால் யோசிக்கவே வேண்டாம், காரில் போய்விடுங்கள். 350 கிலோமீட்டர்தான், நினைத்த இடத்தில் நிறுத்தலாம், நாய்க்குப் பழகிய கூண்டு பின்சீட்டிலேயே இருக்கும். டெல்லி, கொல்கத்தா என்று தூரம் கூடும்போது கார் பயணம் நாயையும் ஓட்டுகிறவரையும் சேர்த்துக் களைப்பாக்கிவிடும். விமானத்தில் பெரிய நாய் சரக்கு அறையில்தான் போகும். பக், புல்டாக், பாக்ஸர் மாதிரி மூக்கு சப்பையான இனங்களுக்கு வெப்பமும் பதற்றமும் சேர்ந்தால் மூச்சுத் திணறல் வந்துவிடும். அவற்றை அந்த அறையில் அனுப்பவே கூடாது. மிச்சம் இருப்பது ரயில். அதைப் பற்றித்தான் இந்த மதிப்பீடு.

ரயிலில் நாய் போக இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று முதல் வகுப்பு ஏசி பெட்டியில் உள்ள இரண்டு பேர் அறையான கூபே, அல்லது நான்கு பேர் அறையான கேபின். அந்த அறை முழுவதும் உங்கள் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். இன்னொன்று ரயிலின் கடைசியில் கார்டு இருக்கும் வேனில் உள்ள நாய்ப்பெட்டி. ஏசி இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு, ஸ்லீப்பர், சேர் கார் எதிலும் நாயை ஏற்ற அனுமதி இல்லை. உட்கார்ந்து போகும் வந்தே பாரத், சதாப்தி ரயில்களில் கூபே என்பதே கிடையாது. அவற்றை மனதில் வைத்துத் திட்டம் போடாதீர்கள்.

கட்டணத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. கூபேயில் போகும் நாய்க்கு, அது ஏழு கிலோ டாக்ஸ்ஹண்டாக இருந்தாலும் எழுபது கிலோ கிரேட் டேனாக இருந்தாலும், 60 கிலோ லக்கேஜ் என்று கணக்கிட்டுப் பணம் வாங்குகிறார்கள். நாய்ப்பெட்டிக்கு 30 கிலோ கணக்கு. உண்மையான செலவு நாய்க்கான லக்கேஜ் சீட்டில் இல்லை, இரண்டு முதல் வகுப்பு டிக்கெட்டில் இருக்கிறது. பதிவு செய்யாமல் நாயைக் கொண்டுபோய் டிக்கெட் பரிசோதகர் (டிடிஇ) பிடித்தால் லக்கேஜ் கட்டணத்தைப் போல ஆறு மடங்கு கட்ட வேண்டும். பார்சல் ஆபீஸ் வரிசை நீளமாக இருக்கிறதே என்று சீட்டு போடாமல் ஏறிவிடுவது புத்திசாலித்தனம் அல்ல.

இந்தச் சேவையின் பெரிய பலவீனம் முன்பதிவு. டிக்கெட் எடுக்கும்போது கூபே வேண்டும் என்று கேட்கலாம். கிடைத்ததா என்பது யாருக்கு எந்த இடம் என்று சொல்லும் சார்ட் வந்த பிறகுதான் தெரியும். ரயில் கிளம்பச் சில மணி நேரம் இருக்கும்போது, குளிப்பாட்டி நகம் வெட்டித் தயாராக நிற்கும் நாயை வைத்துக்கொண்டு அந்தத் தகவலுக்காகக் காத்திருக்க வேண்டும். எத்தனை கூபே இருக்கும் என்பது பெட்டியைப் பொறுத்தது. எல்ஹெச்பி என்ற புதிய வகை முழு முதல் வகுப்புப் பெட்டியில் 24 படுக்கைகள்: நான்கு கேபின், நான்கு கூபே. பாதி முதல் வகுப்பும் பாதி இரண்டாம் வகுப்பு ஏசியுமாக உள்ள பழைய வகைப் பெட்டியில் முதல் வகுப்புக்கு 10 படுக்கைகள்தான்: இரண்டு கேபின், ஒரே ஒரு கூபே. அந்த ஒற்றைக் கூபேக்கு அமைச்சர், நீதிபதி, புதுமணத் தம்பதி என்று போட்டி இருக்கும். எனவே ஷோ தேதி தெரிந்ததும் முதலில் பார்க்க வேண்டியது எந்த ரயிலில் முழு முதல் வகுப்புப் பெட்டி ஓடுகிறது என்பதைத்தான். நேரம், கட்டணம் எல்லாம் அதற்குப் பிறகு.

முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கிறது. திறக்கும் நாளிலேயே இரண்டு பேர் பெயரில், ஒரே பிஎன்ஆரில் எடுங்கள். உரிமையாளரும், ஷோ களத்தில் (ரிங்) நாயை நடத்திக் காட்டும் ஹேண்ட்லரும் சேர்ந்து போவது எல்லா வகையிலும் நல்லது. ஒருவர் நாயோடு இருக்கும்போது இன்னொருவர் தண்ணீர், டீ, டிடிஇ என்று வெளி வேலைகளைப் பார்க்கலாம். காத்திருப்புப் பட்டியலில் எடுத்து உறுதியாகும் என்று நம்பி நாயைக் கிளப்பாதீர்கள். டிக்கெட் உறுதியானதும், நாயோடு பயணம் செய்கிறோம், கூபே ஒதுக்குங்கள் என்று ஒரு கடிதம் எழுதி, டிக்கெட் நகலும் ஷோ நுழைவு உறுதிச்சீட்டும் தடுப்பூசி அட்டை நகலும் இணைத்து, ரயில் கிளம்பும் ரயில்வே கோட்டத்தின் வணிகப் பிரிவில் கொடுங்கள். சென்னை சென்ட்ரலில் ஏறுகிறவர்களுக்கு மூர் மார்க்கெட் வளாக முன்பதிவு அலுவலகத்தில் எங்கே கொடுப்பது என்று சொல்வார்கள். பயணத்துக்கு முந்தைய நாள் நேரில் போய் நினைவூட்ட வேண்டும். கடிதம் கொடுத்தால் நிச்சயம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கொடுக்காமல் கிடைப்பது அபூர்வம்.

கூபே கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்பதை முன்பே முடிவு செய்துவிடுங்கள். கடைசி நேரத்தில் ரத்து செய்தால் கட்டணத்தின் பெரும்பகுதி போய்விடும். அந்த வருத்தத்தில்தான் பலர் "சரி, நாய்ப்பெட்டியிலாவது போகட்டும்" என்று இறங்கி வருகிறார்கள். வேண்டாம். அந்த ஷோவை விட்டுவிடுங்கள். காரணம் கீழே.

சார்ட்டில் கூபே வந்துவிட்டால் பார்சல் ஆபீஸுக்கு ரயில் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே போக வேண்டும். கையில் இருக்க வேண்டியவை: டிக்கெட், அடையாள அட்டை நகல், வெறிநோய்த் தடுப்பூசி உள்ள அட்டை, கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்று. சான்றில் நாயின் இனம், நிறம், பாலினம் மூன்றும் எழுதியிருக்க வேண்டும். பயணத்துக்கு 24 முதல் 48 மணி நேரத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். வாரம் முன்பே வாங்கி வைத்த சான்றை ஏற்க மாட்டார்கள். பார்சல் ஆபீஸ் வாசலில் நின்று மருத்துவரைத் தேட முடியாது. மைக்ரோசிப் எண்ணையும் சான்றில் எழுதச் சொல்லுங்கள். ரயில்வே அதைக் கேட்பதில்லை. வழியில் நாய் தொலைந்தால் உங்களுடையது என்று காட்ட அது ஒன்றுதான் உறுதியான ஆதாரம்.

கூபேக்குள் நுழைந்து கதவைச் சாத்திவிட்டால் இந்தச் சேவையின் முழு அருமையும் தெரியும். பூட்டிய தனி அறை, சீரான குளிர், பக்கத்தில் உரிமையாளர். பழகிய குரலும் பழகிய விரிப்பும் இருந்தால் நன்றாக வளர்ந்த நாய் ஒரு மணி நேரத்தில் சுருண்டு படுத்துவிடும். பொது மக்கள் பயன்படுத்தும் எந்தப் போக்குவரத்திலும் ஒரு நாய்க்கு இவ்வளவு நல்ல இடம் நம் நாட்டில் இல்லை. இந்த ஏற்பாடு இன்னும் தொடர்வதற்கு ரயில்வேயை மனதாரப் பாராட்ட வேண்டும்.

அறை சிறியது. 36 அங்குல மடிப்புக் கூண்டை விரித்தாலே நடக்க வழி இருக்காது. ஜெர்மன் ஷெப்பர்டுக்கான 42 அங்குலக் கூண்டைப் பற்றிப் பேச்சே இல்லை. கூண்டை மடித்துக் கீழ்ப் படுக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, தரையில் ரப்பர் பாய் விரித்து, அதன்மேல் கனமான போர்வை போடுங்கள். ரப்பர் பாய் கட்டாயம். பெட்டியின் தரை வழுக்கும். வண்டி பிரேக் போடும்போது நாய் கால்களை அகட்டி ஊன்றிக்கொள்ளும். இரவு முழுக்க அப்படி ஊன்றினால் தோள் தசை இறுகி, மறுநாள் ரிங்கில் முன்னங்கால் வீச்சு குறையும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி மாதிரி மெல்லிய தோலும் குட்டை முடியும் உள்ள நம் நாய்களுக்கு முழங்கையிலும் பின்கால் மூட்டிலும் தரை உரசித் தோல் போய்விடும்; அவற்றுக்குப் போர்வை இரட்டிப்பாக வேண்டும். ஏசிக் குளிரும் தரை மட்டத்தில்தான் தேங்கும். ஒரு மேல்சட்டை போட்டுவிடுங்கள். படுக்கையில் நாயை ஏற்றாதீர்கள். ரயில்வேயின் விரிப்பில் முடி ஒட்டினால் அடுத்து வருகிற நாய்க்காரருக்கும் கெட்ட பெயர்.

ஏற்றும்போது ஒரு எச்சரிக்கை. சென்ட்ரல் முனைய நிலையம் என்பதால் வாசலிலிருந்து நடைமேடைக்குச் சமதளத்திலேயே நடந்துவிடலாம். நாய்க்கு இது பெரிய வசதி. எழும்பூரில் நடைமேடை மாற வேண்டியிருந்தால் லிஃப்டையோ படியையோ பயன்படுத்துங்கள். எஸ்கலேட்டரில் நாயை ஏற்றவே கூடாது. மேலே முடியும் இடத்தில் பல்வரிசைக்குள் நகமும் விரல் இடுக்கு முடியும் சிக்கி, விரலே பிய்ந்து போகும் காயங்கள் நடக்கின்றன. பெட்டி எங்கே நிற்கும் என்று முன்பே கேட்டு அந்தக் கதவுக்கு நேராக நில்லுங்கள். வேறு பெட்டியில் ஏறி உள்ளே நடந்தால் இரண்டு பெட்டிகளை இணைக்கும் ஆடும் இரும்புத் தகடுகளைத் தாண்ட வேண்டும். அந்த இடைவெளியில் பாதம் மாட்டும்.

உணவு, தண்ணீர், கழிப்பு மூன்றையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். கிளம்ப நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு முன் கடைசி உணவு, அதுவும் வழக்கத்தில் பாதி. டாபர்மேன், கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரி மார்பு ஆழமான நாய்களுக்கு வயிறு நிறையத் தீனி போட்டுவிட்டு ஏற்றினால் இரைப்பை உப்பித் திருகிக்கொள்ளும் ஆபத்து கூடும். ஓடும் ரயிலில் அப்படி நேர்ந்தால் காப்பாற்றுவது மிகக் கடினம், ஏனென்றால் அதற்கு உடனடி அறுவைச் சிகிச்சை வேண்டும். வயிறு புடைத்து, வாந்தி வருவதுபோல் ஓங்கரித்து எதுவும் வெளிவராமல் இருந்தால் அடுத்த பெரிய நிலையத்தில் இறங்கிவிடுங்கள். ஷோ முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி. 30 கிலோ நாய்க்கு 1.5 முதல் 1.8 லிட்டர். டெல்லி வரை போக தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவும் ஒரு முழுப் பகலும் ஆகும். வீட்டுத் தண்ணீரே நான்கு லிட்டர் எடுத்துக்கொண்டால் போதும். நிலையத்துக்கு நிலையம் தண்ணீர் மாறினால் பேதி வரும். பேதி வந்த நாயின் இடுப்பு ஒரே நாளில் ஒட்டிப்போய், நடுவர் கை வைக்கும்போது விலா எலும்பு தட்டும்.

கழிப்புக்குப் பயிற்சி தேவை, அதுவும் வீட்டிலேயே. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து செயற்கைப் புல்பாய் ஒன்றில் சிறுநீர் கழிக்கப் பழக்குங்கள். ஆண் நாய்கள் தட்டையான பாயை மதிக்காது. நடுவில் ஒரு தண்ணீர் பாட்டிலைத் துணி சுற்றி நிறுத்தினால் காலைத் தூக்கும். விஜயவாடா, நாக்பூர், போபால் மாதிரி பெரிய நிலையங்களில் வண்டி நிற்கும்போது இறக்கலாம், ஆனால் அதையே நம்பியிருக்க முடியாது. கூட்டம், போர்ட்டர் வண்டி, தெருநாய்கள் எல்லாம் சேர்ந்தால் பாதி நாய்கள் கழிக்காமலே திரும்ப ஏறும். இறக்கினால் கழுத்துப்பட்டை ஒன்று, நழுவாத சோக்கர் ஒன்று என்று இரண்டு கயிறு. கழிவைப் பையில் எடுப்பது உங்கள் பொறுப்பு.

அமைதியாக இருக்கட்டும் என்று தூக்க மருந்து கொடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது இரத்த அழுத்தத்தைக் குறைக்கும், உடல் தன் வெப்பத்தைச் சமாளிக்கும் திறனையும் கெடுக்கும். மந்தம் மறுநாளும் போகாது. வாந்தி எடுக்கும் நாயென்றால் அதற்கான மாத்திரையை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். அது தூங்க வைக்காது.

இனி நாய்ப்பெட்டி. கார்டு வேனின் ஓரத்தில், இரும்பால் ஆன சிறு அறை. லாப்ரடார் அளவு நாய் தலை நிமிர்ந்து நிற்கக்கூட இடம் பற்றாது. வழியில் எட்டிப்பார்க்க வேண்டுமென்றால் வண்டி நின்றதும் உங்கள் பெட்டியிலிருந்து கடைசி வரை ஓடி, கார்டிடம் (இப்போது டிரெய்ன் மேனேஜர் என்று அழைக்கிறார்கள்) கேட்டுத் திறந்து, தண்ணீர் வைத்து, திரும்ப ஓடி வர வேண்டும். இரண்டு நிமிட நிறுத்தத்தில் நடக்கிற காரியமா? வெயில் காலத்தில் அந்த இரும்பு கொதிக்கும். நாய்க்கு வியர்வை கிடையாது என்றே சொல்லலாம். நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்கும். காற்றோட்டம் இல்லாத இடத்தில் இளைப்பும் பயன்படாது. பணியில் இருப்பவர்கள் எவ்வளவு அன்பானவர்களாக இருந்தாலும் அந்த இரும்பறையை அவர்களால் மாற்ற முடியாது. குறை வடிவமைப்பில் இருக்கிறது.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஒரு ராத்திரி முழுக்க இருட்டில், தடதடக்கும் இரும்புக்குள், அறிமுகமில்லாத ஆட்கள் இழுத்து ஏற்றி இறக்கிய நாய் மறுநாள் ரிங்கில் என்ன செய்யும்? நடுவர் பல்லைப் பார்க்கக் குனிந்தால் பின்வாங்கும். ஆண் நாய்க்கு விதைகள் இரண்டும் இறங்கியிருக்கின்றனவா என்று தொட்டுப் பார்க்கும்போது உட்கார்ந்துவிடும். வாலைக் கால்களுக்கு இடையில் ஒடுக்கிக்கொள்ளும். ஓட்டத்திலும் தெரியும்: களைத்த, உடம்பு பிடித்துக்கொண்ட நாய் குறுக்குக் கால்களை எடுத்து வைக்கும் ட்ராட்டை விட்டுவிட்டு, ஒரே பக்கத்து முன்காலையும் பின்காலையும் சேர்த்து வைத்து ஆடி ஆடி வரும். இதை பேஸிங் என்பார்கள். முக்கோணத்தில் ஓடச் சொன்ன நடுவர் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். கம்பி வலையில் தேய்த்த மூக்கின் கறுப்பு உரிந்திருந்தால் அதைப் பூசி மறைக்கவும் முடியாது. நிறத்தையோ முடியின் தன்மையையோ மாற்றும் எந்தப் பொருளையும் பூசக் கூடாது என்பது சர்வதேச நாய்கள் கூட்டமைப்பின் ஷோ விதி. எனவே நாய்ப்பெட்டிக்குப் பூஜ்யம். பத்துக்கு ஒன்று கூட இல்லை.

தமிழ்நாட்டுக்குள் என்றால் மே மாதத்தில் சவுத் ஆஃப் இந்தியா கென்னல் கிளப் ஊட்டியில் நடத்தும் ஷோவுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் நல்ல பொருத்தம். சென்ட்ரலில் இரவு ஏறினால் காலை மேட்டுப்பாளையம். சீசன் நேரம், முதல் வகுப்புக்கு அடிதடி. 60ஆம் நாள் விதியை இங்கே தவறவிடவே கூடாது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலைக்குக் காரில்தான் போக வேண்டும். 2024 மே முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம், அமர்த்தும் காருக்கு அது எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். கொண்டை ஊசி வளைவுகள் முடியும்வரை நாய்க்கு உணவு கொடுக்காதீர்கள். சமவெளியின் கத்திரி வெயிலிலிருந்து 2,240 மீட்டர் உயரக் குளிருக்குப் போகிறது. முதல் இரவு குட்டை முடி நாய்கள் நடுங்கும்.

எந்த ஊராக இருந்தாலும் ஷோவுக்கு முந்தைய நாள் காலைக்குள் போய்ச் சேருங்கள். அன்று காலை ரயிலிறங்கி நேரே மைதானத்துக்குப் போவது எவ்வளவு நல்ல கூபேயையும் வீணாக்கிவிடும். இறங்கியதும் ஒரு மணி நேர மெதுவான நடை, பிறகு தூக்கம், மாலையில் பத்து நிமிடம் ரிங் பயிற்சி. அதற்கு மேல் வேண்டாம்.

திரும்பும் பயணத்துக்கு நாய்ச்சீட்டு தனியாகப் போட வேண்டும். போகும்போது வாங்கிய மருத்துவச் சான்று அதற்குள் காலாவதியாகியிருக்கும். புதிய ஊரில் ஞாயிற்றுக்கிழமை மாலை மருத்துவரைத் தேடி அலைகிறவர்கள் ஏராளம். ஷோ மைதானத்திலேயே கால்நடை மருத்துவர் இருப்பார். காலை நுழைவுச் சோதனை முடிந்து அவருக்கு ஓய்வு கிடைக்கும்போது ரயில் பயணத்துக்குச் சான்று எழுதித் தருவாரா என்று கேட்டு வாங்கிவிடுங்கள். நூற்றுக்கணக்கான நாய்கள் கூடும் இடத்தில் கென்னல் காஃப் என்ற தொற்று இருமல் எளிதில் பரவும். அதற்கான மூக்குச் சொட்டுத் தடுப்பு மருந்தை ஷோவுக்கு ஒரு வாரமாவது முன்னால் போட்டிருக்க வேண்டும். வீட்டில் குட்டிகள் இருந்தால், திரும்பி வந்த நாயைப் பத்து முதல் பதினான்கு நாட்கள் தனியே வைத்து, அதன் தட்டையும் போர்வையையும் அவற்றிடம் கொண்டுபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.